பொத்தானுக்குப் போன சோலோ

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தது எங்கள் ஊர் நாடகக் குழு. எப்படிச் செய்தார்கள் என்றால், என்னுடைய டிரம்பெட் சோலோவைப் பிடுங்கி ஒரு பொத்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு ஆளுக்குக் கொடுத்திருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். இல்லை, அப்போதும் பேசியிருப்பேன். ஆனால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். கீபோர்டில் ஒரு ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கிற ஒரு பொத்தான் அக்கா. அதற்குக் கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்டது என்னவோ என் மடியில் இருக்கிற பையிலிருந்து எட்டிப் பார்க்கிற இந்த ரப்பரைப் பற்றித்தான். தெரியும். கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ரப்பரை ஒரு பெண் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். நீங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். நகர வேண்டாம். இது புதியது. எந்தக் கக்கூஸையும் இது இன்றுவரை பார்த்ததில்லை. இது டிரம்பெட்டுக்கு வாங்கியது. ஆனால் நேராக ரப்பருக்கு வந்தால் உங்களுக்கு வழக்கு விளங்காது. திருநெல்வேலி வரைக்கும்தானே போகிறீர்கள்? நேரம் இருக்கிறது.

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்குத் தெற்கே, கடற்கரையில். வருஷா வருஷம் மாதா கோயில் திருவிழாவில் ஒரு நாள் மாலை ஆசீர் வழிபாடு முடிந்த பிறகு ஊர்க்காரர்களே நாடகம் போடுவோம். எங்கள் ஊரில் நாடகத்துக்குக் கைதட்டும் பழக்கம் கிடையாது. கைதட்டினால் ‘போதும், இறங்கு’ என்று அர்த்தம். நன்றாக இருந்தால் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து மூக்குச் சிந்துகிற சத்தம் வரவேண்டும். அதுதான் எங்களுக்குக் கைதட்டல். ஒரு மூக்கு, இரண்டு மூக்கு கணக்கில் வராது. கடலலை மாதிரி மொத்தமாகக் கேட்க வேண்டும். கேட்டால் நாடகம் ஜெயித்தது. கேட்காவிட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் மீன் ஏலம் போடுகிற இடத்தில் எங்கள் தலை உருளும்.

இந்த வருஷ நாடகத்தை எழுதி இயக்கியவர் ஆன்றோ அண்ணன். ஊரில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறார். கதை ஒரு அப்பாவைப் பற்றியது. கடலுக்குப் போன வள்ளம் திரும்பி வருகிறது, மகன் அதில் இல்லை. அப்பா யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொள்கிறார். அந்த இடத்தில் வசனம் இல்லை, பாட்டு இல்லை. தனியாக ஒரு டிரம்பெட் மட்டும். அது முடிந்ததும் அப்பா எழுந்து ஒரு நீளமான வசனம் பேசுவார். நாடகத்தின் உயிரே அந்த வசனத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த வசனத்துக்கு வாசல் எது? என் டிரம்பெட். இதை நான் ஆன்றோ அண்ணனிடம் பலமுறை எடுத்துச் சொன்னேன்.

அப்பாவாக நடித்தது இன்னாசி மாமா. ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊர் நாடகங்களில் எல்லாருக்கும் அப்பா அவர்தான். மேடையில் அழுவார். இறங்கிவிட்டால் ஊரில் ஒருத்தரையும் கேலி செய்யாமல் விடமாட்டார். நான் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.சி. இயற்பியல் படிக்கிறேன், விவாத மேடைக் குழுவிலும் இருக்கிறேன் அல்லவா, என்னைக் கண்டாலே “வழி விடுங்க ஓய், வக்கீலம்மா வருது” என்பார். இயற்பியலுக்கும் வக்கீலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு நான் விளக்கியிருக்கிறேன். பயனில்லை.

டிரம்பெட் என் அண்ணனுடையது. கோயில் பேண்டில் ஊதிக்கொண்டிருந்தான். மஸ்கட் போகும்போது விட்டுவிட்டுப் போனான். அம்மா அதைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். நான் எடுத்தேன். ஒரு பெண் ஊதக் கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? யாரும் கூடாது என்று சொல்லவில்லை, அது வேறு விஷயம். சொல்லியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

முதல் ரிகர்சலில் நான் எழுந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி ஊதினேன். கோயில் பள்ளிக்கூட ஹால். ஓட்டுக் கூரை. புறா எல்லாம் கிளம்பிவிட்டது. முடித்துவிட்டுப் பார்த்தால் ஆன்றோ அண்ணன் காதில் விரலை வைத்திருக்கிறார்.

“பெனிட்டா,” என்றார், “மகன் செத்த செய்தியாக்கும் இது. நீ மகனுக்குப் பொண்ணு அமைஞ்சிட்டுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லுக மாதிரி ஊதுற.”

இன்னாசி மாமா தரையிலிருந்து தலையைத் தூக்கி, “எனக்கு எழும்பி ஆடணும்போல இருக்கு ஆன்றோ. வேட்டிய மடிச்சுக் கட்டிரவா?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. துக்கம் என்றால் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு முன்முடிவு என்று சொன்னேன். ஒலியின் அழுத்தம் வேறு, உணர்ச்சி வேறு என்று சொன்னேன். அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனேன்.

“சத்தத்தைக் குறை, அவ்வளவுதான்,” என்றார் ஆன்றோ அண்ணன்.

“டிரம்பெட்டில் சத்தத்தைக் குறைக்கிற திருகு கிடையாது அண்ணே. அதற்கு மியூட் வேண்டும்.”

மியூட் என்றால் டிரம்பெட்டின் அகன்ற வாயில் செருகுகிற ஒரு அடைப்பு அக்கா. சத்தம் குறைவது மட்டுமில்லை, குரலே மாறிப்போகும். ஒவ்வொரு அடைப்புக்கும் ஒவ்வொரு குரல். ஒன்று மூக்கால் பேசும், ஒன்று தூரத்திலிருந்து கூப்பிடும், ஒன்று கிசுகிசுக்கும். நாகர்கோவிலில் வாத்தியக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “டிரம்பெட்டு வாங்குகவன் சத்தத்துக்குத்தான் வாங்குகான். அடைக்கதுக்கு ஒரு சாமானா?” என்றார். சென்னையிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் திருவிழா முடிந்துதான் வரும்.

இந்த இடைவெளியில்தான் ஜெரின் உள்ளே வந்தான். என்னோடு பத்தாவது வரைக்கும் படித்தவன். பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறான். அதிகம் பேசமாட்டான். அதிகம் பேசாதவர்களை ஊர் உடனே நல்லவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? அவன் ஆன்றோ அண்ணனிடம், “அண்ணே, இதுலயே மியூட்டு போட்ட டிரம்பெட்டு சத்தம் இருக்கு,” என்று ஒரு பொத்தானை அழுத்தினான். அழுத்திவிட்டு என் சோலோவை வாசித்தான். என் சோலோவை. ஒரு ஸ்வரம் தப்பாமல்.

கூரையில் ஒரு புறாகூட அசையவில்லை.

இங்கே நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள், இதுதான் என் தரப்பின் முதல் சான்று. அவன் வாசித்து முடித்தான். இன்னாசி மாமா எழுந்து வசனம் பேச வேண்டும். எழவில்லை. முழங்காலுக்குள் முகத்தை வைத்தபடியே இருக்கிறார். ஆன்றோ அண்ணன் முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். மாமா எழுந்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷ அனுபவம் உள்ள நடிகர், வசனத்தையே மறந்துவிட்டார். கையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கழுவினார். எனக்குத் தோன்றியது என்னவென்றால், அந்த மின்சாரச் சத்தத்தில் அவர் மனம் ஒன்றவில்லை. அலுப்பு. தூக்கம்கூட வந்திருக்கலாம். ஐஸ் கம்பெனியில் காலை ஷிப்டு.

ஆனால் ஆன்றோ அண்ணன் என்ன முடிவு செய்தார் தெரியுமா? “சோலோவை ஜெரினே வாசிக்கட்டும்” என்றார்.

அக்கா, நான் அன்றைக்கு எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்கே தெரியாது. டிரம்பெட்டில் ஒரு மனுஷியின் மூச்சு இருக்கிறது, பொத்தானில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நாளைக்கு அழுகைக்கும் ஒரு பொத்தான் வரும், அப்போது இன்னாசி மாமாவையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டேன். ஹாலைப் பூட்ட வந்த உபதேசியார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிப் பகுதி முழுவதையும் கேட்டார். அவரிடமும் ஆரம்பத்திலிருந்து ஒருமுறை சொன்னேன்.

“இப்ப என்னதான் செய்யணும்ங்கிற?” என்றார் ஆன்றோ அண்ணன்.

“கடைசி ரிகர்சலில் இரண்டையும் கேளுங்கள். முதலில் அவன் பொத்தான், பிறகு என் டிரம்பெட், மியூட்டோடு. எதற்கு மாமா நன்றாக அழுகிறாரோ அதற்குச் சோலோ.”

“மியூட்டு எங்க இருக்கு?”

“செய்வேன்.”

அவர் ஜெரினைப் பார்த்தார். ஜெரின் தோளைக் குலுக்கினான். “சரி தாயே, செய். இப்ப நாங்க வீட்டுக்குப் போலாமா?” என்றார்.

அப்படித்தான் நான் மியூட் செய்ய உட்கார்ந்தேன்.

முதலில் எவர்சில்வர் டம்ளர். அளவு கச்சிதமாக இருந்தது. அந்தக் கச்சிதம்தான் வினை. உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஊதினால் சத்தமும் வரவில்லை. அலை வெளியேற இடுக்கு வேண்டும் அக்கா, முழுதாக அடைத்தால் காற்று எங்கே போகும்? இந்த விதியைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். கண் பிதுங்க ஊதிக்கொண்டிருக்கும்போது அம்மா வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் கவனித்தாள்.

“சத்தமே இல்லியே மக்களே,” என்றாள்.

“டம்ளர் மாட்டிக்கிட்டு.”

“கிடக்கட்டு. நல்லாத்தான் இருக்கு.”

தேங்காய் எண்ணெய் ஊற்றி, அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்து, டம்ளர் பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் அம்மா போய் அரிசிப் பானைமேல் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அடுக்களையில் எதைத் தொட்டாலும், “அது குழலுக்குள்ள போறதுக்கா, சோத்துக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் தருவாள்.

அப்புறம் மண்ணெண்ணெய் ஊற்றுகிற பிளாஸ்டிக் புனல். தலையணைக்கு அடியில் ரேடியோ பாடுகிற மாதிரி இருந்தது. அழுகை இல்லை, வானிலை அறிக்கை. அண்ணனுடைய பழைய தொப்பியை மாட்டிப் பார்த்தேன், சத்தம் குறைந்தது, தொப்பி வாசனை கூடியது. புட்டுக்குழலை எடுத்தபோது அம்மா குறுக்கே நின்றாள். அந்த வாதத்தில் மட்டும் நான் தோற்றேன்.

நல்ல தேங்காய்ச் சிரட்டை ஒன்று கிடைத்தது. கண் இருக்கிற பக்கம் துளை போட்டு, நார் எல்லாம் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழவென்று ஆக்கினேன். டம்ளர் கற்றுத்தந்த பாடப்படி சுற்றிலும் இடுக்கு விடுவதற்கு ரப்பர்த் துண்டுகள் ஒட்டவேண்டும். ரப்பருக்கு எங்கே போவது? அம்மாவின் ஹவாய் செருப்பில் குதிகால் பக்கம் யாருக்கும் தேவைப்படாத ஓரம் கொஞ்சம் இருந்தது. மறுநாள் காலை பூசைக்குக் கிளம்பின அம்மா செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பிள்ளே, எந்த நாய் இப்படி நேரா கோடு போட்டுக் கடிக்கும்?” என்று கேட்டாள். ஆராய்ச்சிக்கு இழப்புகள் உண்டு என்று சொன்னேன். அவள் நொண்டிக்கொண்டே பூசைக்குப் போனாள்.

சிரட்டை நன்றாகத்தான் இருந்தது. மெல்லிய குரல். சளி பிடித்த குரல் என்று அம்மா சொன்னாள், அது அவள் கருத்து. ஆனால் எனக்குப் போதவில்லை. ஜெரினின் பொத்தானிலும் மெல்லிய குரல் இருக்கிறது. பொத்தானால் முடியாதது என்ன? பேசுவது. ஒரு மனுஷன் வாயைப் பொத்தி, விட்டு, பொத்தி, விட்டு அழுகிற மாதிரி. அதற்கு வாயை மூடித் திறக்கிற ஒரு கிண்ணம் வேண்டும். மெத்தென்ற ரப்பரில், கைக்கு அடக்கமாக.

இப்போது விளங்குகிறதா இந்த ரப்பர்?

இதை வாங்கிய கதை தனி. டவுனில் ஹார்டுவேர் கடை. “அடைப்பு எடுக்கிற ரப்பர் வேணும்” என்றேன்.

“இந்தியன் டைப்பா, வெஸ்டர்னா?” என்றார் கடைக்காரர்.

“டிரம்பெட்.”

நான் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுத்து, ரப்பரை ஒவ்வொன்றாக அதன் வாயில் வைத்துப் பார்த்தேன். அளவு பார்க்காமல் எப்படி வாங்குவது? அவர் உள்ளே திரும்பி, “லில்லி, கொஞ்சம் வா,” என்று மனைவியைக் கூப்பிட்டார். மூன்றாவது ரப்பர் சரியாக இருந்தது. சோதனைக்காகக் கொஞ்சம் ஊதினேன். சோலோவின் முதல் வரி மட்டும். கையால் ரப்பரை மூடித் திறந்து, மூடித் திறந்து. கடைக்காரர் ஏதோ கீழே விழுந்துவிட்டதைப்போல மேசைக்கடியில் குனிந்தார். ரொம்ப நேரம் தேடினார். ஏதோ முக்கியமான பொருளாக இருக்க வேண்டும், முதுகெல்லாம் ஆடியது. அந்த அம்மாதான் பில் போட்டுத் தந்தார்கள். “கம்பு வேண்டாமா மக்களே?” என்று கேட்டார்கள். அந்தக் கம்பை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சிரட்டையை உள்ளே செருகி, ரப்பரை வெளியே பிடித்து, இரண்டையும் சேர்த்து ஊதினேன். சிரட்டைதான் தொண்டை, ரப்பர்தான் உதடு. வாசித்தேன் அக்கா, ஒரு அப்பாவே வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அழுதமாதிரி இருந்தது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, “யாருக்கு வயித்தக் கடுக்கு?” என்றாள். பிறகு என்னையும் ரப்பரையும் பார்த்தாள். சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெற்றவள் மனசு. எவ்வளவு நேரம் தோள் குலுங்கியது தெரியுமா, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என்ன அக்கா, நீங்களும் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொள்கிறீர்கள்? காற்றா? ஆரல்வாய்மொழி தாண்டும்வரை காற்று இப்படித்தான் இருக்கும். ஜன்னலை இறக்கிவிடட்டுமா? வேண்டாமா? சரி.

கடைசி ரிகர்சல் வந்தது. முதலில் ஜெரின். பொத்தானை அழுத்தினான், வாசித்தான். சுத்தமாகத்தான் வாசித்தான், அதை நான் மறுக்கவில்லை. எதிர்த் தரப்பில் உள்ள நல்லதை ஒப்புக்கொள்வது விவாத மேடையில் முதல் பாடம். ஆனால் பலன்? மறுபடியும் இன்னாசி மாமா எழவில்லை. ஆன்றோ அண்ணன் இரண்டுமுறை எடுத்துக் கொடுத்தும் வசனம் வரவில்லை. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு நிமிசம் ஆன்றோ, கண்ணுல தூசி,” என்றார். அழவேண்டிய இடத்தில் தூசி விழுந்ததென்று காரணம் சொல்லுகிற நிலைமை. நடிகரை அந்தப் பொத்தான் எவ்வளவு கைவிட்டது பாருங்கள்.

பிறகு நான்.

மாமா முழங்காலுக்குள் முகத்தை வைக்கப் போகும்போது நான் ரப்பரை எடுத்தேன். அவர் பார்த்தார். “அது என்னது?” என்றார்.

“மியூட்.”

“கடையில கக்கூசுக்குல்லா விப்பானுவ?”

“பயன்பாடுதான் பொருளைத் தீர்மானிக்கிறது மாமா. நீங்கள் முகத்தை வையுங்கள்.”

வைத்தார். நான் ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே அவர் தோள் லேசாக அசைந்தது. இரண்டாவது வரியில் முதுகு முழுக்க ஆடியது. ரப்பரை நன்றாக விரித்து, ‘உவா’ என்று ஒரு நீண்ட ஸ்வரம் வருகிறது, அங்கே அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது அக்கா, அடிவயிற்றிலிருந்து. அடக்க முடியாமல் வருகிற சத்தம். காலைக் கட்டியிருந்த கை இரண்டும் இறுகிப்போய் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாடகர் குழுப் பெண்களில் இருவர் முந்தானையைத் தேடினார்கள். முடிந்ததும் மாமா எழுந்தார். முகமெல்லாம் சிவப்பு, கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது. வசனத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்தார்.

ஜெரின்தான், “அண்ணே, மாமா அழல்லியே. அவரு...” என்று ஏதோ ஆரம்பித்தான்.

“தெரியும். சும்மா இரு,” என்றார் ஆன்றோ அண்ணன். “கீழ இருந்து பாத்தா எப்படித் தெரியுதோ, அதுதான் நாடகம். வசனமும் வந்திட்டு பாத்தியா? பெனிட்டாவே ஊதட்டு.”

தோற்றவன் ஏதாவது சொல்லத்தான் செய்வான். நான் அவனிடம் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன். மியூட்டுகள் எப்படி வேலை செய்கின்றன என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்கு விளக்கினேன்.

நாடகத்தன்று என்ன நடந்தது என்று நான் சொல்லவே வேண்டாம், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வள்ளம் வந்தது, மகன் வரவில்லை, மாமா உட்கார்ந்தார். நான் மேடைக்குப் பக்கத்தில், பாதி இருட்டில் நின்று ஊதினேன். மாமாவின் முதுகு ஆடின ஆட்டத்தில் தோளில் போட்டிருந்த துண்டு நழுவி விழுந்தது. பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு மூக்கு, பிறகு நாலைந்து, பிறகு மொத்தமாக வந்தது பாருங்கள், அலை. அந்தச் சத்தத்தில் என் கடைசி ஸ்வரம் எனக்கே கேட்கவில்லை. பங்குச் சாமியார்கூட இருமினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமினார். மறுநாள் மீன் ஏலத்தில் முதல் பேச்சே இன்னாசி மாமாவின் அழுகைதான். இப்படி ஒரு அழுகையை இந்த மேடை பார்த்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஜெயித்தாயிற்றே, பிறகு என்ன வழக்கு என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை. இந்த வாரம் முழுக்க எங்கே போனாலும், “மாமா நல்லா அழுதாரு” என்கிறார்களே தவிர, எதனால் அழுதார் என்று ஒருத்தராவது சொல்லவேண்டுமே. அடுத்த திருவிழாவுக்கு ஜெரின் புதுக் கீபோர்டு வாங்கப்போகிறானாம், இதைவிடப் பொத்தான் அதிகமாம். ஆன்றோ அண்ணன், “அப்ப பாக்கலாம்” என்கிறார். என்ன பார்க்கலாம்? தீர்ப்புச் சொன்ன வழக்கை மறுபடி திறப்பதா? தவிர, நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு விவாதம். ‘இசைக்கு மனிதன் தேவையா?’ நான் தேவை என்ற தரப்பு. நடந்ததை அப்படியே மேடையில் வைத்தால் எதிர்த் தரப்பு எழுந்திருக்கவே முடியாது. ஆனால் சாட்சி வேண்டுமல்லவா? அழுதவர் வாயாலேயே வரவேண்டும்.

இன்று காலை ஜெரின்தான் என்னை பைக்கில் ஜங்ஷனுக்குக் கொண்டுவந்து விட்டான். பையைத் தூக்கிக் கொடுத்தான், டிரம்பெட் பெட்டியையும் அவனே தூக்கினான். அங்கே டீக்கடையில் இன்னாசி மாமா நின்றார். ஆன்றோ அண்ணனும் இருந்தார். இதைவிட நல்ல சபை எனக்கு எங்கே கிடைக்கும்? நேராகப் போனேன்.

“மாமா, எனக்கு ஒரு பதில் வேண்டும்.”

“போயிட்டு வா மக்களே. பஸ்சு வந்திரும்.”

“பதில் சொல்லுங்கள், போகிறேன்.”

“நீ போனதுக்குப் பொறவு போன்ல சொல்லுகேன்.”

“போனில் சொன்னால் ஆன்றோ அண்ணனுக்குக் கேட்காது. இவர்கள் முன்னால் சொல்லுங்கள்.”

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஜெரினைப் பார்த்தார். ஜெரின் பைக்கின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். “உள்ளதைச் சொன்னா கோவிச்சுக்கிடுவியா?” என்று கேட்டார். உண்மைக்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். பேருந்து திருப்பத்தில் வந்துவிட்டது. நான் கேட்ட கேள்வியில் ஒரு வளைவும் கிடையாது: “மேடையில் உங்களுக்கு வேண்டியது அந்தப் பொத்தானா, என் டிரம்பெட்டா?”

அவர் சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் உங்களுக்குச் சொல்கிறேன். இதில் எங்கே தொடங்கி எங்கே நிறுத்தி நாளைக்கு மேற்கோள் காட்டினால் என் தரப்புக்கு நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலையிலிருந்து நானும் வெட்டி வெட்டிப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. நன்றாகக் கேளுங்கள்.

“அவனுக்க கீபோர்டுப் பெட்டி நல்லாத்தான் வாசிக்கு மக்களே,” என்றார். “நல்லா வாசிச்சா எனக்க தம்பி நெனப்பு வந்திரும். கடலுக்குப் போயிட்டு வராமலே போனாம்லா, அவன். நெனப்பு வந்தா நான் நெசமாட்டு அழுதிருவேன். நெசமாட்டு அழுகவனுக்கு வசனம் எங்க இருந்து வரும்? நீ அந்தக் கக்கூசு ரப்பர வச்சு ஊதினா ஒரு நெனப்பும் வரமாட்டேங்கு, சிரிப்புதான் வருது. முட்டுக்குள்ள மூஞ்சிய வச்சு அத அடக்குகதுக்குள்ள எனக்கு உயிரு போயிருது, சனம் பாத்து அழுதுக்கிடுது. அடுத்த வருசமும் நீதான் ஊதணும். ஆனா ஒண்ணு, அதுக்குள்ள நல்லா ஊதப் படிச்சிராத.”